என் கல்விக்கடன் வாராக்கடன் ஆகிவிட்டது, தங்கைக்குக் கடன் கிடைக்குமா?

தறிமகன் (28 ஜூன் 2025)

ஊர் சங்கரன்கோவில். அப்பா விசைத்தறித் தொழிலாளி, அம்மா பீடி சுற்றுகிறார். நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 26,000. கேள்வி தங்கையைப் பற்றியது. ஆனால் என் கதையைச் சொல்லாமல் அதைக் கேட்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 இல் இயந்திரவியல் சேர்ந்தேன். வீட்டில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழைக் காட்டியதில் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. மீதிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் கடன். வருடத்துக்கு 70,000 வீதம் நான்கு வருடத்துக்கு 2,80,000. வட்டி 11 சதவீதம். அப்பாவும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். அன்று மேலாளர் சொன்னதில் ஒன்றுதான் நினைவில் நின்றது: படித்து முடித்து ஒரு வருடம் ஆகும்வரை ஒரு பைசா கட்ட வேண்டாம். கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் கிடையாது என்று எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டோம். அப்பா அன்று மாலை லாலா கடையில் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தார்.

2019 செப்டம்பரில் முதல் தவணைக்கான கடிதம் வந்தது. அதில் கடன் 3,87,800 என்று இருந்தது. யாருடைய கடிதமோ மாறி வந்துவிட்டது என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன், என் பெயர்தான். மாதத் தவணை 5,342. அப்போது என் சம்பளம் 13,500. சென்னையில் அறை வாடகை, சாப்பாடு போக ஐந்து மாதம் எப்படியோ கட்டினேன். அதற்குள் 2020 வந்துவிட்டது. ஆலை மூடியது, ஊருக்கு வந்தேன். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை விலக்கு என்றார்கள், நிம்மதியாக இருந்தேன். அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே குழியில் இரண்டு முறை விழுந்தவன் நான்.

அதன்பின் திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வேலை. அந்தக் காலத்தில் ஒன்றும் கட்டவில்லை. இதற்கு நியாயம் சொல்ல மாட்டேன். வங்கியிலிருந்து வந்த அழைப்புகளையும் எடுக்கவில்லை. 2022 ஜூலையில் மறுபடி ஒரகடம் வந்தேன். அந்த மாதம் முதல் இன்று வரை 3,000 வீதம் ஒரு மாதமும் தவறாமல் அனுப்பி வருகிறேன்.

போன வாரம் கிளைக்குப் போய் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: 5,52,000.

வாங்கியது 2,80,000. கட்டியது 1,34,710. பாக்கி 5,52,000. மூன்று முறை அளந்தும் ஓர் அளவு சரிவராவிட்டால் அளக்கும் கருவியைச் சந்தேகப்படு என்று எங்கள் தொழிலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் நான் எதைச் சந்தேகப்படுவது?

இனித் தங்கை. இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள், அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. பொறியியல் கட்-ஆஃப் 171.5. மின்னணுவியல் தொடர்பியல்தான் வேண்டும் என்கிறாள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்தாயிற்று. முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்குக் கிடையாது, ஏனென்றால் வீட்டில் பட்டதாரி ஒருவன் இருக்கிறான். உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் இல்லை. கடன் கேட்டு அதே கிளைக்குப் போனோம். அப்பா பெயர் என் கடனில் இருக்கிறது, அது வாராக்கடன், ஆகவே உங்கள் வீட்டுக்கு இனிக் கடன் கிடையாது என்றார்கள். வாயால்தான் சொன்னார்கள். அவள் வெளியே பஸ் நிறுத்தம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ ஏன் போனை எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்டாள்.

கணக்கு சரிதானா? ஒரேயடியாக ஒரு தொகை கட்டினால் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளலாமா? அவளுக்கு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நேர்ப்பேச்சு

கடன் வாங்கிப் பொறியியல் படித்து என்ன ஆயிற்று என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் தங்கையையும் அதே கிணற்றில் ஏன் தள்ள வேண்டும்? பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கலாம். செலவு பாதிகூட ஆகாது.

---

தறிமகன்

அவளிடமே படித்துக் காட்டினேன். "அந்த அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேள்" என்றாள். கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

---

பேரேடு

தம்பி, நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 32 வருடம் இருந்து ஓய்வுபெற்றவன், அதில் பாதிக்குமேல் கடன் பிரிவு. உங்களைப் போல எத்தனையோ பையன்களுக்கு 'ஒரு பைசா கட்ட வேண்டாம்' என்ற அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொன்ன பாவம் எனக்கும் உண்டு. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கருவியைச் சோதிப்போம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்திய ஒரு வருடத்திலும் தவணைதான் கிடையாது, வட்டி உண்டு. தனிவட்டியாக ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே வரும். முதல் 70,000 க்கு ஐந்து வருட வட்டி 38,500. இரண்டாவதுக்கு நான்கு வருடம், 30,800. மூன்றாவதுக்கு 23,100. நான்காவதுக்கு 15,400. கூட்டினால் 1,07,800. தவணை தொடங்கும் அன்று இது அசலோடு சேரும். 2,80,000 உடன் சேர்த்தால் 3,87,800. உறையில் இருந்த தொகை சரி. அதற்குப் பத்து வருடத் தவணை 5,342 என்பதும் சரி.

நீங்கள் நின்றுபோன காலத்தில் அது ஏறத்தாழ 4,89,000 ஆகியிருக்கும். அதற்கு 11 சதவீதத்தில் மாத வட்டியே 4,480 சொச்சம். நீங்கள் அனுப்பியது 3,000. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதைதான். 2025 ஜூன் வரை ஓட்டிப் பார்த்தால் எனக்கும் 5,52,000 பக்கம்தான் வருகிறது. ஆக வங்கி தொகையைத் திரிக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டு முழு உண்மையும் இல்லை.

ஒரு கடனில் பாக்கி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். அதற்குப்பின் ஏறும் வட்டியை வங்கி தன் வருமானமாகக் காட்ட முடியாது, கணக்கிலும் பற்று வைக்காது. தனியே குறித்து வைத்திருக்கும். ஆகவே உங்களுக்கு இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று பேரேட்டில் நிற்கும் நிலுவை. மற்றொன்று ஏற்றப்படாத வட்டி. சீட்டில் எழுதித் தந்தது இரண்டின் கூட்டல். ஒருமுறைத் தீர்வு என்று பேச உட்காரும்போது வங்கி விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லாமல் பேரம் பேசுவது, விலை கேட்காமல் துணி கிழிக்கச் சொல்வது போல. ஜவுளிக்கடையில் இருந்தவருக்கு இது புரியும்.

அடுத்தது, உங்கள் பதிவைப் படித்ததும் என் மனதில் உறுத்தியது. அப்பா விசைத்தறித் தொழிலாளி. 2014 இல் பெற்றோர் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு வாங்கிய கடனுக்கு அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009 முதலே உண்டு. வங்கிகள் கனரா வங்கி வழியாகக் கேட்டுப் பெறவேண்டும். வட்டாட்சியர் வருமானச் சான்று கொடுத்திருந்தால் போதும். அந்த 1,07,800 உங்கள் தலையில் ஏறியிருக்கவே கூடாது. 2,80,000 க்குத் தவணை போட்டால் 3,857 தான் வரும். மானியம் வந்ததா, வரவில்லையா, வரவில்லை என்றால் ஏன்? 2014 முதலான முழுக் கணக்கு அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பழைய மானியத்தை இப்போது கேட்டால் பணம் வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் தவறு அவர்கள் பக்கம் என்று தெரிந்தால் தீர்வுத் தொகை பேசும்போது அது உங்கள் கையில் உள்ள துருப்புச் சீட்டு.

ஒருமுறைத் தீர்வுக்கு ஒப்புக்கொள்ளலாமா என்றால், அவசரப்படாதீர்கள் என்பேன். அப்படி முடித்த கடன் சிபில் அறிக்கையில், அதாவது ஒருவர் கடன்களைக் கட்டிய வரலாற்றைக் காட்டும் அறிக்கையில், முழுதாக அடைத்ததாக வராது, பேசித் தீர்த்ததாக வரும். அடுத்த வங்கிக்காரர் அதைப் படித்ததும் முகம் மாறும். அப்பா கூட்டுக் கடனாளி என்பதால் அவர் அறிக்கையிலும் அதே வரிதான். இன்னொரு வழி, நின்றுபோன தவணைப் பாக்கி முழுவதையும் கட்டிக் கணக்கை நல்ல கணக்காக மாற்றுவது. பாக்கி மொத்தமும் கட்டினால்தான் மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் அது இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். 26,000 சம்பளத்தில் அதை எப்படித் திரட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. கந்துவட்டிக்கு வாங்கி மட்டும் கட்டாதீர்கள். தீர்வுதான் என்று முடிவானால், தொகையும் கெடுவும் எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய் தராதீர்கள். வசூலுக்கு வருபவர் கையில் ரொக்கம் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

வங்கி அழைப்புகளை எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், வசூல் அழைப்பு இனியும் வரலாம். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

தங்கைக்கு வருவோம். இது தனிக் கோப்பு. உங்கள் கோப்போடு இதைக் கட்டிப் போட அந்தக் கிளை பார்க்கிறது, நீங்களும் அதற்கு உடன்பட்டுத்தான் இந்தக் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். கல்விக்கடனில் மாணவர் கடனாளி, பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளி. அப்பாதான் வரவேண்டும் என்று எங்கும் இல்லை. அம்மா பெயரில் எந்தக் கடனும் இல்லையே? மகளிர் குழுக் கடன் ஏதேனும் இருந்து ஒழுங்காகக் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. அம்மாவும் தங்கையுமாக விண்ணப்பிக்கட்டும். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள், அங்கே போட்டால் தேதியோடு பதிவு நிற்கும். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம். ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. மறுப்பதாக இருந்தால் கிளை மேலாளர் தன்னிச்சையாக மறுக்க முடியாது, அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆகவேதான் உங்களுக்கு வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அந்த இடத்திலேயே குரலைத் தாழ்த்துவார்கள். 2023 இல் கேரள உயர் நீதிமன்றம் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று ஒரு வழக்கில் சொன்னது. அது நம் ஊர் மேலாளரைக் கட்டாது. இருந்தாலும் கடிதத்தில் ஒரு வரி எழுதுவதில் தவறில்லை.

கிளை 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. தொலைபேசி எண் 14448.

---

கோட்டாறுக்காரி

அண்ணா, நான் செவிலியர். நாகர்கோவில் பக்கம். 2016 இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தபோது 1,60,000 கடன் வாங்கினேன். எனக்கு அந்த வாக்கியத்தைச் சொன்ன அதிகாரி, அடுத்த வாக்கியத்தையும் சொன்னார்: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் ஒரு சதவீதம் குறைப்போம். அம்மா முறுக்கு சுற்றி விற்பவர். முதல் வருடம் கடன் 40,000 தான், மாத வட்டி 400 கூட இல்லை. அம்மா ஒரு டப்பாவில் போட்டுவைத்து மாதக் கடைசியில் கட்டிவிடுவார். நான்காம் வருடம் 1,400 வரை போனது, அப்போது கஷ்டப்பட்டோம், இரண்டு மாதம் விட்டும்போனது. ஆனால் படிப்பு முடிந்த அன்று என் கடன் 1,60,000 ஐக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. 2023 இல் அடைத்துவிட்டேன். தங்கை கடன் வாங்கினால் நீங்கள் செய்யவேண்டியது இதுதான். உங்களால் முடிகிற 3,000 இல் ஒரு பங்கு இங்கே விழுந்தால் அதற்குப் பலன் தெரியும்.

கடன் அடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு வருடம் கழித்து வண்டிக் கடனுக்குப் போனால் சிபிலில் அந்தக் கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது! புகார் போட்டுத்தான் சரியானது. ஆண்டுக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இப்போதே எடுத்துப் பாருங்கள். தவறு என்று புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவர்கள் நமக்குத் தரவேண்டும் என்று 2024 முதல் விதி வந்திருக்கிறது.

இனி, கடனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்களே, திருப்பித் தரவேண்டாத பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. தங்கை உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள் என்றீர்கள். புதுமைப்பெண் திட்டம் முன்பு அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் அதை உதவிபெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரித்தார்கள். மாதம் 1,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். கல்லூரி வழியாகத்தான் பதிவு. கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்து பிரகதி உதவித்தொகை. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தொழில்நுட்பப் படிப்பு சேரும் பெண்களுக்குத் தருவது, வருடத்துக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். மதிப்பெண் வரிசையில் தேர்வு, எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் என் சித்தி மகளுக்குக் கிடைத்தது, அவளும் உங்கள் தங்கை அளவுக்குத்தான் மதிப்பெண். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போடவேண்டும். முதல் வருடத்திலேயே போடவேண்டும், அதுதான் பலரும் கோட்டைவிடும் இடம்.

உங்கள் அம்மா பீடி சுற்றுகிறார் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். அவரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால் மத்தியத் தொழிலாளர் நலத் துறையின் உதவித்தொகை உண்டு, தொழிற்கல்விக்கு வருடம் 25,000 வரை. வருமான வரம்பு இருக்கிறது, பாருங்கள். அதையும் பிரகதியையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டை என்றால் மருந்தகத்தில் மாத்திரை வாங்குவதற்கு மட்டும் என்று எங்கள் பக்கத்தில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

---

கழிவு 80இ

ஒரு சிறு குறிப்பு. கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரியில் (1961 சட்டத்தின் பிரிவு 80இ) முழுதாகக் கழிக்கலாம், உச்சவரம்பு இல்லை, கட்டத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டுகள். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். அசலுக்குக் கிடையாது. தங்கைக்காக நீங்கள் கட்டும் வட்டிக்கும் கிடையாது, இந்தச் சலுகைக்கான உறவினர் பட்டியலில் உடன்பிறந்தவர் இல்லை.

---

தறிமகன்

என் சம்பளத்துக்கு வரியே வராது, சார். ஆனாலும் நன்றி. என்றாவது வரி கட்டும் அளவுக்கு வந்தால் இதை நினைத்துக்கொள்வேன்.

---

பேரேடு

கோட்டாறுத் தங்கச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வட்டி மானியம் தங்கைக்கும் பொருந்தும், ஆனால் 2018 க்குப் பிறகு ஒரு நிபந்தனை: கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கவேண்டும் (இரண்டும் உயர்கல்வியின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகள்). கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் முன் இதைப் பாருங்கள், பிறகு பார்த்துப் பயனில்லை. பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியை மேலே வையுங்கள். 171.5 க்கு விழுமா என்பது வேறு விஷயம், வைக்கக் காசு கேட்பதில்லை. படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும் என்பதையும் அவள் காதில் போட்டுவையுங்கள்.

---

தறிமகன் (7 ஜூலை 2025)

இரண்டு நாள் விடுப்புப் போட்டு ஊருக்குப் போய் வந்தேன். கிளையில் முழு அறிக்கை கேட்டதும், எதற்கு என்றார்கள். பேரேடு ஐயா சொன்னபடி, மானியம் வந்ததா என்று பார்க்க என்றேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, மத்தியானம் வரச் சொன்னார்கள்.

பதினொரு பக்கம். மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் தங்கையும் வரி வரியாகப் பார்த்தோம். நான்கு வருடத்தில் மானியம் என்று ஒரு வரவும் இல்லை. என் கோப்பை எடுத்துக் காட்டச் சொன்னேன். அதில் வருமானச் சான்று இருக்கிறது. 2014 ஆகஸ்ட் தேதி, வட்டாட்சியர் முத்திரை. அப்பா அதற்காகத் தறி நிறுத்தி மூன்று நாள் அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. தாள் கோப்பிலேயே இருந்திருக்கிறது, பதினொரு வருடமாக. இப்போதைய மேலாளர் போன வருடம்தான் வந்தவராம். அவரிடம் கோபப்பட முடியவில்லை. "அப்போது நான் வேறு மாநிலத்தில் இருந்தேன்" என்றார்.

மானியம் வந்திருந்தால் தவணை 3,857. அதைத் தவறாமல் கட்டியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. 13,500 சம்பளத்தில், 2020 இல், தெரியவில்லை.

பேரேட்டு நிலுவை 3,18,700. ஏற்றாத வட்டி 2,33,300. நான் 2022 முதல் அனுப்பிய 1,08,000 நிலுவையில்தான் கழிந்திருக்கிறது, அந்த அளவுக்கு ஆறுதல். மானியம் விடுபட்டதை எழுதிக் கொடுங்கள், தீர்வுத் தொகையோடு மண்டல அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்றார் மேலாளர். எழுதிக் கொடுத்தேன். அவசரப்பட்டுத் தொகை எதுவும் சொல்லவில்லை.

தங்கையின் விண்ணப்பத்தை அம்மா பெயரோடு வித்யாலட்சுமியில் போட்டாயிற்று, வேறு கிளைக்கு. அம்மாவின் அடையாள அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் டப்பாவில் இருந்தது. உள்ளே மருந்துச் சீட்டுகள். அட்டையில் இருக்கும் புகைப்படத்தில் அம்மாவுக்கு என் வயதுகூட இருக்காது. இத்தனை வருடமாக அதில் உதவித்தொகை உண்டு என்று யாரும் சொல்லவில்லை என்றார். நானும் கேட்கவில்லை.

சிபில் அறிக்கைகளையும் எடுத்தேன். அம்மா பெயரில் மகளிர் குழுக் கடன் ஒன்று, ஒழுங்காக அடைத்தது. அப்பாவுடையதைப் பார்த்துவிட்டு அவருக்குக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன்.

---

பேரேடு

நன்று தம்பி. ஒரே ஒரு கேள்வி. மானியம் பற்றி எழுதிக் கொடுத்தீர்களே, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கினீர்களா?

---

தறிமகன்

இல்லை ஐயா. மேசையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று இரவு பொதிகையில் டிக்கெட் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.